மாருத்துக்கு வேறொரு வரலாறு: நடக்காத சோதனை விமானத்தை மாடலாகக் கட்டுவது எப்படி?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வேலந்தாவளம் பக்கத்திலிருந்து கோவைக்குச் சென்று பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். 1964-இல் இந்தியா தானே வடிவமைத்து, கோவைக்கு அருகே விமானப்படைத் தளம் உள்ள சூலூரில் பறக்கவிட்ட, ஒலியைப் போல் இரு மடங்கு வேகமுள்ள சோதனைப் போர் விமானம் ஒன்று இருந்ததாகக் கற்பனை செய்துகொண்டு, அதை 1/72 அளவில் மாடலாகக் கட்ட அவர் விரும்புகிறார். மாருத் என்ற உண்மையான இந்தியப் போர் விமானத்தின் உடலில் இரண்டு எஞ்சின்களுக்குப் பதிலாக ஒற்றைப் பெரிய எஞ்சினையும், முன்பக்கத்தில் கனார்டு எனப்படும் சிறு இறக்கைகளையும் வைப்பது அவருடைய திட்டம். வரலாறு நம்பும்படி அமைய என்ன செய்வது, எந்தப் பொருளில் கட்டுவது, எப்படி வண்ணம் பூசுவது, வாலில் என்ன எண் எழுதுவது என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, முதலில் என் தீர்மானத்தைச் சொல்லிவிடுகிறேன். கனார்டையும் ஒற்றை எஞ்சினையும் விட்டுவிடுங்கள். மாருத்தை வைத்துக்கொள்ளுங்கள், சூலூரையும் வைத்துக்கொள்ளலாம். கற்பனை வரலாறு கொண்ட மாடலில் மாற்ற வேண்டியது ஒரே ஒரு முடிவைத்தான்; விமானத்தின் உடலில் தெரியும் மற்ற எல்லா மாற்றங்களும் அந்த ஒரு முடிவின் விளைவுகளாக இருக்க வேண்டும். பார்ப்பவர் எந்த இடத்தைச் சுட்டிக்காட்டி ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்டாலும், உங்கள் பதில் அந்த முடிவில் போய் முடிய வேண்டும். எஞ்சினும் வேறு, இறக்கையும் வேறு, காலமும் தளமும் வேறு என்று தனித்தனியாக மாற்றிக்கொண்டே போனால், ஒவ்வொன்றும் தனியே அழகாக இருக்கலாம்; ஆனால் அவற்றை ஒன்றாகக் கட்டிவைக்கும் காரணம் ஒன்று இருக்காது.

மாருத்தின் உண்மைக் கதையில் இத்தகைய திருப்பங்கள் நிறைய இருப்பதால்தான், இந்தக் கலைக்கு அதைவிடப் பொருத்தமான இந்திய விமானம் எனக்குத் தெரியவில்லை. ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்த ஜெர்மானியப் பொறியாளர் குர்ட் டாங்க், அர்ஜென்டினாவில் பணியாற்றிய பிறகு, 1956-இல் பெங்களூருக்கு வந்து ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தில் ஒரு குழுவுடன் இந்த வேலையைத் தொடங்கினார். விமானப்படை கேட்டிருந்தது ஒலியின் இரு மடங்கு வேகம். எஞ்சின் கைக்கு வருமுன்பே வடிவத்தைச் சோதித்துப் பார்க்க, முழு அளவில் மரத்தாலான கிளைடர் ஒன்றைச் செய்து, 1959-இல் டக்கோட்டா விமானத்தால் இழுத்துச் சென்று பறக்கவிட்டார்கள். எஞ்சினுடன் கூடிய முதல் விமானம் 1961 ஜூன் மாதம் சுரஞ்சன் தாஸ் ஓட்ட, பெங்களூரிலிருந்து எழுந்தது. அதில் இருந்தவை, ஆஃப்டர்பர்னர் (உந்துவிசையைக் கூட்ட எஞ்சினின் பின்னால் மீண்டும் எரிபொருளை எரிக்கும் அமைப்பு) இல்லாத இரண்டு ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்கள். ஒவ்வொன்றின் உந்துவிசையும் ஏறத்தாழ 2,200 கிலோ. டாங்க் மனத்தில் வைத்திருந்ததோ அதே குடும்பத்தைச் சேர்ந்த பி.ஓ.ஆர். 12 என்ற எஞ்சின். ஆஃப்டர்பர்னர் இல்லாமலே அது ஏறத்தாழ 3,090 கிலோவும், ஆஃப்டர்பர்னருடன் 3,700 கிலோவும் தரும் என்று கணக்கிடப்பட்டிருந்தது. பிரிட்டனில் அந்த எஞ்சினுக்கான தேவை மறைந்தது. மீதமிருந்த வளர்ச்சிச் செலவை ஏற்க இந்தியா முன்வரவில்லை. எஞ்சின் அங்கேயே நின்றுபோனது. வடிவம் வேகத்துக்கு, எஞ்சின் அதற்குக் குறைவாக என்ற நிலையிலேயே மாருத் தன் வாழ்நாளைக் கழித்தது. 147 விமானங்கள் கட்டப்பட்டன, 1967-இல் அணியில் சேர்ந்தன, 1971 போரில் ராஜஸ்தான் பாலைவனத்தின் மேல் நன்றாகவே போரிட்டன. ஆனால் வடிவமைத்தவர் நினைத்த விமானமாக அது ஒரு நாளும் பறக்கவில்லை.

இதற்கு அப்பாலும் கிளைகள் உண்டு. வில்லி மெஸ்ஸர்ஷ்மிட் ஸ்பெயினில் தொடங்கிய எச்.ஏ.-300 என்ற சிறு போர் விமானத்தை எகிப்து எடுத்து வளர்த்தது. ஃபெர்டினான்ட் பிராண்ட்னர் அதற்காக இ-300 என்ற எஞ்சினை அங்கே உருவாக்கினார். எச்.ஏ.-300 முதன்முதலாக 1964 மார்ச்சில் பறந்தபோது அதை ஓட்டியவர் இந்திய விமானப்படையின் கபில் பார்கவா. பின்னர் மாருத் ஒன்றை எகிப்துக்கு அனுப்பி, ஒரு பக்கம் ஆர்ஃபியஸும் மறுபக்கம் இ-300-உம் பொருத்தி, 1967 மார்ச்சிலிருந்து பறந்து சோதித்தார்கள். 1969-இல் எகிப்து அந்தத் திட்டத்தையே கைவிட்டது. இங்கே பெங்களூரில் ஆர்ஃபியஸ் 703-க்கே ஆஃப்டர்பர்னர் பொருத்தும் முயற்சியும் நடந்தது. அவ்வாறு மாற்றப்பட்ட விமானம் 1970 ஜனவரி 10 அன்று விழுந்து நொறுங்கியதில் சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். இவை அனைத்தும் நடந்தவை என்பதை மறக்க வேண்டாம். இரண்டு பக்கமும் வெவ்வேறு எஞ்சின்கள் கொண்ட மாருத் என்று ஒருவர் கற்பனையாகச் சொல்லியிருந்தால், மிகைப்படுத்துகிறார் என்றே நாம் நினைத்திருப்போம்.

எனவே உங்கள் மாடலுக்கு நான் சொல்லும் வரலாறு இதுதான்: பி.ஓ.ஆர். 12 எஞ்சினின் மீதி வளர்ச்சிச் செலவை ஏற்பதென்று இந்திய அரசு முடிவெடுத்தது. அவ்வளவே. முதல் விமானம் பறந்த 1961-இலிருந்து எண்ணினால், எஞ்சின் வந்துசேரவும், விமானத்தை அதற்கேற்ப மாற்றவும், தரையில் இயக்கிப் பார்க்கவும் மூன்று ஆண்டுகளாவது தேவைப்படும். ஆகவே உங்கள் 1964 பொருந்துகிறது. ஒற்றைப் பெரிய எஞ்சினைக் கைவிடச் சொல்வதற்கும் இதுவே காரணம். மாருத்தின் உடல் இரண்டு எஞ்சின்கள் அருகருகே படுத்திருப்பதற்காக அகன்று வரையப்பட்டது. ஒற்றை எஞ்சின் வைத்தால் பின்பாதி முழுவதையும் புதிதாக வரைய வேண்டும், அப்போது அது மாருத்தே அல்ல. கனார்டு அந்தக் காலத்தில் அறியாத ஒன்றல்ல, அமெரிக்காவின் எக்ஸ்.பி.-70 என்ற குண்டுவீச்சு விமானம் அதனுடன் 1964 செப்டம்பரில் பறந்தது. ஆனால் போர் விமானத்தில் அதைத் துணிந்து வைத்த ஸ்வீடனின் விக்கன் பறந்தது 1967 பிப்ரவரியில். பின்வாலுடன் பறந்து சோதிக்கப்பட்டு, நன்றாகக் கையாள முடிகிறது என்று பெயர் வாங்கிய ஒரு வடிவத்துக்கு, எந்தக் குறையைத் தீர்க்க டாங்க் கனார்டை வைத்திருப்பார்? அதற்கு உங்களிடம் பதில் இல்லையென்றால் அது அலங்காரம் மட்டுமே.

இனி அந்த ஒரு முடிவு விமானத்தின் உடலில் என்னென்ன செய்யும் என்று பார்ப்போம். இந்தப் பகுதியில்தான் நீங்கள் அதிக நாட்கள் செலவிட வேண்டும்; பிளாஸ்டிக்கை வெட்டுவதற்கு முன்பு நோட்டுப் புத்தகத்தில் முடிக்க வேண்டிய வேலை இது. மாருத்தின் நீளம் 15.87 மீட்டர், இறக்கை விரிவு 9 மீட்டர், உயரம் 3.60 மீட்டர். 1/72-இல் நீளம் 220 மில்லிமீட்டர், விரிவு 125 மில்லிமீட்டர், உயரம் 50 மில்லிமீட்டர். ஆர்ஃபியஸ் எஞ்சினின் விட்டம் ஏறத்தாழ 82 சென்டிமீட்டர். மாடலில் அது 11 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இரண்டையும் அருகருகே வைத்து, நடுவில் வெப்பத்தடுப்புக்கும் சட்டங்களுக்கும் இடம்விட்டால், எஞ்சின் பகுதியில் உடலின் அகலம் 25 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. இந்தக் கணக்கை வரைபடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கற்பனை மாடல்களில் நான் முதலில் பார்ப்பது, எஞ்சின் உண்மையில் அந்த உடலுக்குள் நுழையுமா என்பதைத்தான்.

ஆஃப்டர்பர்னர் என்பது எஞ்சினின் பின்னால் நீளும் ஒரு குழாய்; அதில் மீண்டும் எரிபொருளைத் தெளித்து எரிப்பார்கள். அந்தக் குழாயில் ஒரு பகுதி உடலுக்குள்ளேயே மறையும், ஒரு பகுதி வெளியே வரும். வால்பகுதியை முழு அளவில் அரை மீட்டர் நீட்டியதாக வைத்துக்கொண்டால், மாடலில் 7 மில்லிமீட்டர் கூடும். பார்க்கும் கண்ணுக்கு அது போதுமானது. அதைவிட நீட்டினால், ஓடுபாதையில் மூக்கைத் தூக்கும்போது வால் தரையில் உரசிவிடும். பக்கவாட்டு வரைபடத்தில், பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து நாசிலின் (எஞ்சினின் பின்வாய்) அடிப்புறம் வரை ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோணம் 12 டிகிரிக்கும் குறைவாக வந்தால் நீளத்தைக் குறைக்க வேண்டும், அல்லது நாசிலை லேசாக மேல்நோக்கி உயர்த்த வேண்டும்.

பின்னால் எடை கூடினால் முன்னால் ஈடு செய்ய வேண்டும். பறப்புக் கருவிகளும் பதிவுக் கருவிகளும் மூக்குக்குள் போகின்றன என்று காரணம் காட்டி, காக்பிட்டுக்கு முன்னால் 3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள வளையம் ஒன்றைச் செருகலாம். அதற்குமேல் நீட்டினால் மாருத்தின் முகம் மாறிவிடும். நடுவில் இடுப்பு சிறுத்து, பின்னால் மீண்டும் அகலும் அந்த உடல்வாகு, ஒலிவேகத்தை நெருங்கும்போது ஏற்படும் இழுவையைக் குறைக்கும் பரப்பு விதிக்காக வரையப்பட்டது. அதைக் கெடுத்துவிட்டு வேகத்தைப் பற்றிப் பேச முடியாது.

காற்று நுழைவாய்தான் பலரும் மறந்துவிடும் இடம். 40 விழுக்காடு கூடுதல் உந்துவிசை தரும் எஞ்சின், கூடுதல் காற்றையும் குடிக்கும். கூடுதல் விசை முழுவதும் காற்றின் அளவால் மட்டும் வருவதில்லை, அழுத்த விகிதமும் வெப்பநிலையும் உயர்வதாலும் வருகிறது. ஆகவே நுழைவாயின் பரப்பை நான்கில் ஒரு பங்கு கூட்டினால் நியாயமாக இருக்கும். பரப்பு கால் பங்கு கூடினால் உயரமும் அகலமும் ஏறத்தாழ 12 விழுக்காடுதான் கூடும்; 10 மில்லிமீட்டர் வாய் 11.2 மில்லிமீட்டர் ஆகும். இத்தனை சிறிய மாற்றத்தை யார் கவனிப்பார் என்று கேட்பீர்கள். இரண்டு மாடல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது வலிமையான விமானம் என்று எதுவும் தெரியாத ஒருவரும் சரியாகக் கைகாட்டிவிடுவார். நுழைவாயின் நடுவில் இருக்கும் அரைக்கூம்பு உண்மையில் அசையாதது. இரு மடங்கு ஒலிவேகத்துக்குப் போகும் விமானத்தில் அது முன்னும் பின்னும் நகர வேண்டும். எனவே கூம்பின் அடியில், உடலோடு சேருமிடத்தில், அது நகர்வதற்கான மெல்லிய பிளவு ஒன்றைக் கீறுங்கள். நுழைவாய்க்குப் பின்னால், மிகுதிக் காற்றை வெளியேற்றும் சிறு கதவுகளின் கோடுகளையும் கீறலாம். சூடாகும் பின்பகுதியில் குளிர்காற்றுக்கான சிறு காற்றுவாய்கள் இரண்டு மூன்று வேண்டும்.

வேகத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை. பி.ஓ.ஆர். 12 கிடைத்திருந்தாலும் அந்த விமானம் இரு மடங்கு ஒலிவேகத்தைத் தொட்டிருக்கும் என்று நான் நம்பவில்லை. மாருத் ஒலிவேகத்தை எட்டவே சிரமப்பட்டது. இரண்டு எஞ்சின்களையும் சேர்த்து 7,400 கிலோ உந்துவிசை அதை வெகுதூரம் முன்னேற்றியிருக்கும், ஆனால் இரட்டிப்பாக்கியிருக்காது. உங்கள் கதையில் ‘ஒலியின் இரு மடங்கை எட்டுவதே இலக்கு; சோதனையில் எட்டியது ஒன்றரை மடங்கு’ என்று எழுதுங்கள். இலக்குக்கும் எட்டியதற்கும் இடையே இடைவெளி இல்லாத சோதனை விமானம் எந்த நாட்டிலும் அரிது. அந்த இடைவெளி உங்கள் கதைக்கு எடை கூட்டும்.

கட்டும் பொருளுக்கு வருகிறேன். நம் பகுதியில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு, அதை நம்மவர்கள் பயன்படுத்திக்கொள்வதில்லை. பம்பும் மோட்டாரும் செய்யும் கோவையில், வார்ப்புக்கு முன் மரத்தில் பேட்டர்ன் என்ற மாதிரி வடிவத்தைச் செதுக்கும் கைவினைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். லேத் பட்டறை இல்லாத தெருவே சில பகுதிகளில் கிடையாது. உடற்பகுதியை இவர்களுடைய முறையில் செய்யுங்கள். குமிழ் மரம் மென்மையானது, சீரான நார் கொண்டது, உலர்ந்த பிறகு அதிகம் கோணாது. இரண்டு கட்டைகளை நடுவில் காகிதம் வைத்து ஒட்டி, பக்கவாட்டு வடிவத்தையும் மேல்வடிவத்தையும் அறுத்து, அட்டையில் வெட்டிய குறுக்குவெட்டு அச்சுகளை ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் வைத்துப் பார்த்தபடி செதுக்க வேண்டும். முடிந்ததும் காகிதம் இருக்கும் இடத்தில் உளியை வைத்துத் தட்டினால் இரண்டு பாதிகளாகப் பிரியும். அந்தப் பாதிகளின் மேல், சூட்டில் இளகிய ஒரு மில்லிமீட்டர் ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட்டை உறிஞ்சுகாற்றால் படிய வைத்தால், உள்ளே வெற்றிடம் உள்ள இலேசான உடல் கிடைக்கும். வீட்டில் தரையைச் சுத்தம் செய்யும் வேக்குவம் கிளீனரும், துளையிட்ட ஒரு மரப்பெட்டியும் இதற்குப் போதும். பேட்டர்ன் செதுக்குபவர் ஒருவரிடம் சில மாலைகள் உட்கார்ந்து பார்த்தாலே, அச்சு வைத்துப் பார்க்கும் பழக்கமும் உளி பிடிக்கும் கோணமும் உங்களுக்கு வந்துவிடும். எந்தக் காணொளியும் அதைத் தராது.

இறக்கைகளை ஷீட்டில் நேராகச் செய்யலாம். ஒரு மில்லிமீட்டர் ஷீட்டுகள் இரண்டை ஒட்டி, முன்விளிம்பை வளைவாகவும் பின்விளிம்பைக் கத்திபோல மெல்லியதாகவும் தேய்க்க வேண்டும். தேய்ப்பதற்கு உப்புத்தாள் வேண்டாம், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பரை 400-இல் தொடங்கி 1,200 வரை கொண்டுபோங்கள். இணைப்புகளின் மேல், கார் டிங்கரிங் கடைகளில் கிடைக்கும், பள்ளம் நிரப்பும் என்.சி. பட்டியை மெல்லியதாகப் பார்த்தால் போதும். தடிமனாக வைத்தால் அது காயும்போது சுருங்கி, பல நாட்கள் கழித்து வண்ணத்தின் மேல் கோடாகத் தெரியும். பெரிய பள்ளங்களுக்கு எபாக்சி பட்டி. நாசில்கள் இரண்டையும் லேத்தில் அலுமினியத்தில் கடைந்துவிடுங்கள். 10 மில்லிமீட்டர் வெளிவிட்டமும், விளிம்பில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனும் கொண்ட அந்த வளையத்தைப் பிளாஸ்டிக்கில் செய்தால் ஒருபோதும் உலோகமாகத் தெரியாது. உடலை ஒட்டி மூடுவதற்கு முன் மூக்குக்குள் தூண்டில் ஈயக்குண்டுகளை வைத்து எபாக்சியால் உறையவிடுங்கள். வாலை நீட்டியிருப்பதால், இல்லையென்றால் மாடல் பின்னால் உட்கார்ந்துவிடும்.

தகடுகள் சேரும் கோடுகளைக் கீறும்போது அடக்கம் தேவை. உண்மை விமானத்தில் இரண்டு தகடுகளுக்கு இடையே இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், 1/72-இல் அது 0.04 மில்லிமீட்டர், ஊசிமுனையால் ஒருமுறை இழுத்த கோடே அதைவிட அகலம். அடிக்கடி திறக்கும் கதவுகளின் கோட்டைச் சற்று அழுத்தமாகவும், நிரந்தரமாகத் தைத்த தகடுகளின் கோட்டை மிக மெல்லியதாகவும் கீறினால், எது திறப்பது, எது திறக்காதது என்பது கண்ணுக்குப் புலப்படும்.

அணியில் இருக்கும் விமானத்துக்கும் சோதனை விமானத்துக்கும் உள்ள வேறுபாடு சிறு பொருட்களில்தான் இருக்கிறது. மூக்கிலிருந்து நீண்டு செல்லும், வேகத்தை அளக்கும் பிட்டோ கம்பமும், அதன் மேல் காற்று எந்தக் கோணத்தில் வருகிறது என்பதை அளக்கும் சிறு துடுப்புகளும் முதலில் வேண்டும். அந்தக் கம்பத்தை ஊசிக்குள் ஊசி செருகிச் செய்யலாம். மாருத்தின் நான்கு 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கிகள் உங்கள் விமானத்தில் இருக்கத் தேவையில்லை. அவற்றின் வாய்களைத் தகடு போட்டு மூடி, அந்த இடத்தில் பதிவுக் கருவிகள் இருப்பதாகக் கொள்ளலாம். மூடிய தகட்டின் விளிம்பு மட்டும் லேசாகத் தெரியட்டும். வால் நுனியில், விமானம் சுழன்று விழத் தொடங்கினால் விரிக்கும் பாராசூட்டுக்கான குப்பி. புதிய பின்பகுதியின் ஒரு பக்கத்தில் மட்டும் வரிசையாக ஒட்டிய நூல் துண்டுகள். காற்று உடலை ஒட்டி ஓடுகிறதா, பிரிகிறதா என்பதைத் துணைவிமானத்திலிருந்து படம் எடுத்துப் பார்க்க அவை பயன்படும். இவற்றை எல்லாப் பக்கமும் ஒட்டிவிடாதீர்கள். எந்த இடத்தை மாற்றினார்களோ அந்த இடத்தைத்தான் அளப்பார்கள். உங்கள் கதையில் மாற்றியது எஞ்சினும் பின்பகுதியும் நுழைவாயும் என்பதால், அளவைக் கருவிகளும் அங்கேயே குவிய வேண்டும்.

வண்ணத்துக்கு வெள்ளி நிறத்தையே பரிந்துரைக்கிறேன். 1960-களின் தொடக்கத்தில் நம் விமானப்படையின் மிஸ்தேர், நாட் விமானங்கள் பலவும் வெள்ளியாகவே பறந்தன. பளபளப்பான கறுப்பை அடியில் பூசி, அதன் மேல் அலுமினிய நிறத்தை ஏர்பிரஷ்ஷால் மூடுபனிபோல மெல்ல ஏற்றினால் உலோக ஆழம் வரும். பின்பகுதியின் தகடுகளில் மட்டும் வைக்கோல் நிறத்தையும் நீலச் சாயலையும் கலந்து வெப்பத்தின் தடத்தைக் காட்டுங்கள், ஏனென்றால் ஆஃப்டர்பர்னர் எரிவது அங்கேதான். வால்துடுப்பிலும் இறக்கை நுனிகளிலும் தூரத்திலிருந்து கண்ணில் படும் ஆரஞ்சுப் பட்டைகள் இருக்கலாம். விமானப்படையின் வட்டக்குறியில் வெளிவளையம் காவி, நடுவளையம் வெள்ளை, மையம் பச்சை, சக்கரம் கிடையாது. காவிக்குப் பதிலாகப் பளீரென்ற ஆரஞ்சு அச்சிடப்பட்ட டெக்கால்கள் (ஒட்டுப்படங்கள்) சில சந்தையில் கிடைக்கின்றன, பட்டைகளின் ஆரஞ்சும் அதுவும் ஒன்றாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி நிறம் சிறு குறையையும் மறைக்காது என்பதால், நம் ஊர்க் காற்றைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து ஈரக்காற்று வீசும்போது லாக்கர் வண்ணம் பூசினால், தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் ஈரம் படிந்து, மேற்பரப்பு வெண்மை பூத்துப்போகும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்றில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தூசி முழுவதும் ஈர வண்ணத்தின் மேல் வந்து உட்காரும். நுண்துளிகள் மாடலை அடைவதற்குள் காய்ந்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கவும் செய்யும். மேற்குக் காற்று அடங்கிக் கிழக்குக் காற்று தொடங்காத இடைவெளியில், மழையில்லாத நாளாகப் பார்த்து, விடிந்து ஈரம் வற்றிய முற்பகலில் பூசுவதே நல்லது. அதற்குக் காத்திருக்க முடியாவிட்டால், ஈரக்காலத்தில் மெதுவாக ஆவியாகும் தின்னரைச் சேருங்கள். வறண்ட காலத்தில் அறைத் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, பூசி முடித்த நொடியே மாடலை மூடியுள்ள பெட்டிக்குள் வையுங்கள். குழாயில் ஈரம் பிரிக்கும் குப்பி இல்லாத கம்ப்ரசரை எந்த மாதத்திலும் வெள்ளி நிறத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

சூலூரை ஏன் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன் அல்லவா? நம் வானத்தில் தேஜஸ் போர் விமானங்கள் இடியோசையோடு போவதைக் கேட்டு வளர்ந்தவர் நீங்கள். 45-ஆம், 18-ஆம் அணிகள் தேஜஸுடன் அங்கே அமர்ந்த பிறகு அந்த ஆசை யாருக்கும் வரும். ஆனால் மாருத்தைக் கட்டிய தொழிற்சாலை பெங்களூரில் இருந்தது, முதல் பறப்புகளும் அங்கேயே நடந்தன. ஆகவே ‘சூலூரிலிருந்து முதன்முதலாகப் பறந்தது’ என்பது நிற்காது. ‘பெங்களூரில் பறந்த விமானம் சூலூருக்குக் கொண்டுவரப்பட்டது’ என்றால் நிற்கும், அதற்கு நல்ல காரணமும் இருக்கிறது. பெங்களூரின் எச்.ஏ.எல். விமானக்களம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 890 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சூலூர் ஏறத்தாழ 380 மீட்டரில். ஒரே வெப்பநிலைக் கணக்கில் சூலூரின் காற்று ஐந்து விழுக்காடு வரை அடர்த்தி கூடியது. எஞ்சினின் உந்துவிசையும் இறக்கையின் தூக்குவிசையும் அதற்கேற்பக் கூடும். புதிய எஞ்சினுடன் ஓடுபாதையில் எவ்வளவு தூரத்தில் எழுகிறது என்பதை இரண்டு உயரங்களிலும் அளந்து ஒப்பிட ஒரு சோதனைக் குழு விரும்புவது மிகவும் இயல்பானது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே பிரிட்டிஷ் கடற்படையின் விமானத் தளமாக இருந்த களம் என்பதால் ஓடுபாதைக்கும் புதிதாக ஒன்றைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. தளக்காட்சி செய்வதாக இருந்தால் பின்னணியில் பனைமரங்களும், மேற்கே தொலைவில் மலைகளுக்கு இடையே தாழும் கணவாயின் கோடும் போதும். கட்டடங்களைக் கூட்ட வேண்டாம்.

சிறிய ஒன்று: உங்கள் கதையின் தேதி 1964 அக்டோபர் 1-க்கு முன்பா, பின்பா என்று முடிவு செய்யுங்கள். அன்றுதான் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் ஆனது. மூக்கருகே எழுதும் நிறுவனப் பெயரில் இந்தப் பிழை இருந்தால், தெரிந்தவர் கண்ணில் அதுதான் முதலில் படும். பெங்களூரில் எச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்கும் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்துக்கும் ஒருமுறை போய்வாருங்கள். இரண்டிலும் உண்மையான மாருத் நிற்கிறது. அதன் இடுப்பு வளைவைப் பக்கத்தில் நின்று பார்த்தால், எந்த வரைபடமும் சொல்லாத ஒன்று கைக்கு வரும்.

கடைசியாக, வால் எண்ணும் பெயர்ப்பலகையும். அணிக்கு வந்த மாருத்கள் பலவற்றின் எண்கள் ‘டி’ என்ற எழுத்தில் தொடங்கின. அந்த வரிசையிலிருந்து ஓர் எண்ணை எடுக்க வேண்டாம். ஒவ்வோர் எண்ணும் உண்மையான ஒரு விமானம். சிலவற்றில் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். அதேபோல, உங்கள் கதையில் விமானத்தை ஓட்டியவராக சுரஞ்சன் தாஸின் பெயரையோ கபில் பார்கவாவின் பெயரையோ எழுதாதீர்கள். அவர்கள் செய்த வேலை போதுமான அளவுக்குப் பெரியது, நாம் அதில் கூட்டவும் தேவையில்லை, மாற்றவும் உரிமையில்லை. உண்மை வரிசைகள் எதிலும் வராத எண்ணாகத் தேடித் தேர்ந்தெடுங்கள். விமானியின் பெயரை எழுதாமலே விட்டுவிடுங்கள்.

பலகையில் முதல் வரியிலேயே ‘கற்பனை’ என்று இருக்க வேண்டும். பள்ளிக் கண்காட்சிகளில் நம் பிள்ளைகள் மாடலைப் பார்த்துவிட்டு அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார்கள். மாருத்தைப் பற்றி அவர்கள் அறிவதே அந்த ஒரு பலகை வழியாக இருக்கலாம். மூன்று வரி போதும். முதல் வரி: ‘கற்பனை விமானம், 1/72’. இரண்டாவது வரியில் நடந்தது: ‘பி.ஓ.ஆர். 12 எஞ்சினுக்கான மீதி வளர்ச்சிச் செலவை இந்தியா ஏற்கவில்லை; மாருத் ஆர்ஃபியஸ் 703 எஞ்சினுடனேயே பறந்தது.’ மூன்றாவது வரியில் நீங்கள் மாற்றியது: ‘ஏற்றிருந்தால், 1964-இல் சூலூர் ஓடுபாதையில் நின்றிருக்கக்கூடிய சோதனை விமானம் இது.’ வரைபடத்தில் நுழைவாய், வால்நீளம், பின்சக்கரக் கோணம் மூன்றையும் குறித்து முதலில் எனக்கு அனுப்புங்கள். அவற்றைச் சரிபார்த்த பிறகு மரத்தில் உளியை வைக்கலாம்.